வாங்கியும் சொந்தமாகாத படங்கள்

படம் ஒழுங்காக ஓடிவிட்டால் ஒருவரும் எங்களுக்கு ஃபோன் செய்வதில்லை.

காசு கொடுத்துப் படத்தை டவுன்லோடு செய்து, ஆசையாகத் தொட்டுவிட்டு, திரை நடுவில் சின்ன வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஏற்கெனவே பேசியிருக்கலாம். மைசூரில் அப்படிப் படம் விற்கிற ஒரு கம்பெனியில் தமிழ் கஸ்டமர் கேர் வேலை எனக்கு. அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தேன். என் இருக்கைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே சாமுண்டி மலை. மழைக்காலத்தில் மேகம் இறங்கி மலையை விழுங்கிவிடும். கண்ணுக்கு எதிரே வெறும் வெள்ளை, காதில் யாரோ ஒருவருடைய குரல். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலுக்கு ஒரு வீடும், வாசலும், கொடியில் காயும் துணியும் அந்த வெள்ளையில் எனக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

எங்கள் படங்களுக்குப் பூட்டு உண்டு. யாரும் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று போட்ட பூட்டு. திருடுகிறவர்கள் யாரும் இதுவரை என்னிடம் புகார் சொன்னதில்லை. வாங்கினவர்கள்தான் சொல்கிறார்கள்.

சத்தம் மட்டும் வந்த சினிமா

நஞ்சன்கூட்டில் ஒரு ஃபாக்டரியில் வேலை செய்கிற சிவகுமார், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் கூப்பிட்டார். மகளுக்குப் பிறந்தநாள். மொட்டைமாடியில் திரைக்குப் பதிலாக வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்கு ப்ரொஜெக்டர் எடுத்துவந்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களை எல்லாம் பாய் விரித்து உட்கார வைத்திருந்தார். லேப்டாப்பில் படம் நன்றாக ஓடுகிறது. ப்ரொஜெக்டரில் மாட்டினால் பேச்சு கேட்கிறது, பாட்டு கேட்கிறது, வேட்டி மட்டும் இருட்டாகவே இருக்கிறது.

பழைய ப்ரொஜெக்டரைக் காப்பி எடுக்கிற இயந்திரமோ என்று எங்கள் பூட்டு சந்தேகப்படும். சத்தத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை எப்படிச் சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை. எனக்கே முழுசாகப் புரியாத விஷயம். புதுசு ஒன்று கிடைத்தால் மாற்றிப் பாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று ஃபோனை வைத்துவிட்டார்.

புகாரை முடிக்க நான் மறுபடி அழைத்தபோது பின்னணியில் ஒரே சிரிப்பு. ஏற்கெனவே படம் பார்த்திருந்த பக்கத்து வீட்டு முருகேசன் என்பவர் வேட்டிக்கு முன்னால் போய் நின்று, வருகிற வசனத்துக்கெல்லாம் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். சிவகுமார் குரலில் கோபமே இல்லை. "விடுங்க மேடம், கம்ப்ளெயின்ட்ட மூடிருங்க. உங்க படத்துல ஹீரோயின் செத்துப்போயிடுது. முருகேசண்ணன் பொழைக்க வெச்சுட்டாரு."

பாறை மேலிருந்து

கோபிநத்தத்துக்காரர் செல்வராசு மைசூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலையில் இருப்பவர். காட்டோரத்து ஊர், அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. கால் முறிந்து கட்டிலில் கிடக்கிற தங்கைக்காக ஒரு படத்தை வாடகைக்கு எடுத்து, மைசூரிலேயே ஃபோனில் இறக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். சரியாக இறங்கியிருக்கிறதா என்று வழியில் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தார். வாடகைப் படத்துக்கு எங்கள் சட்டம் அங்கேதான் தொடங்குகிறது. திறந்த நேரத்திலிருந்து இரண்டு நாள்தான் உயிர்.

வீட்டில் விருந்தாளிகள். இரண்டு நாள் பேச்சிலும் சாப்பாட்டிலும் போய்விட்டது. அவர்கள் கிளம்பிய பிறகு அண்ணனும் தங்கையும் தலையணையில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி. ஊருக்கு வெளியே ஒரு பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து பேசினார். அவர் பேச்சுக்கு நடுவே காற்று இரைந்தது. ஏதோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது. என் ஜன்னலின் வெள்ளையில் ஒரு பாறை வந்து உட்கார்ந்தது.

சூப்பர்வைசரிடம் மன்றாடி இன்னும் இரண்டு நாள் வாங்கினேன். "ஃபோனைத் தூக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார் போலிருக்கிறது, காற்று இன்னும் பலமாகக் கேட்டது. "தொறந்துக்கிச்சுங்க" என்றார் சந்தோஷமாக. வைக்கப் போனவர் தயங்கினார். "ஒண்ணு கேக்கோணுமுங்க அம்மிணி. பாக்கவே இல்லாத படம் எப்படீங்க முடிஞ்சுபோச்சு?"

பீரோவில் ஒரு குரல்

நாங்கள் மாற்றாமல் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: 'நீங்கள் வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை.' ஒரே நாளில் அதைப் பலமுறை சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். கனவில் பீரோவைத் திறந்து கல்யாணப் பட்டுப்புடவையை எடுக்கிறேன். நீங்கள் வாங்கியது புடவையை அல்ல, உடுத்தும் அனுமதியை என்று தன்மையாக ஒரு குரல். என் குரல்தான். வாசலுக்கு ஓடினேன். வெளியே மழை, ஆனால் துளிகள் எல்லாம் வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் அப்படியே நிற்கின்றன. கையை நீட்டினால் நனையவில்லை. பாஸ்வேர்டு என்ன என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பயமாகக்கூட இல்லை, அழகாகத்தான் இருந்தது.

கன்னட லைனில் உட்காருகிற ரூபாவிடம் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். சித்ரான்னத்தைப் பிசைந்துகொண்டே கேட்டவள், தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்: "உனக்குப் பரவாயில்ல கணே, கனவாவது கடைசி வரைக்கும் ஓடுது."

பார்சல் ஆபீஸ்காரர்

வசந்தா அம்மாள் சரஸ்வதிபுரத்தில் தனியாக இருக்கிறவர், ஓய்வுபெற்ற டீச்சர். அவர் எங்களிடம் வாங்கியிருந்தது ஒரே ஒரு படம், பழைய படம். அது ஒரு நாள் காலையில் பட்டியலில் இல்லை. நான் கணினியில் பார்த்தேன். அதை விற்க எங்களுக்கு இருந்த உரிமை முடிந்து படத்தை எடுத்துவிட்டார்கள். வாங்கினவர்களிடமிருந்தும் சேர்த்துத்தான்.

"அதுல எங்க வீட்டுக்காரர் இருக்கார்ம்மா" என்றார்.

நடிகரா என்று கேட்டேன். இல்லை. மைசூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே ஷூட்டிங் நடந்தபோது, கதாநாயகன் ரயில் ஏறுகையில் பின்னால் சும்மா நடந்து போகச் சொல்லியிருக்கிறார்கள். கக்கத்தில் குடையோடு நடந்து போவார், ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். ஃபோனில் வீடியோ எடுக்கிற காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். ஃபோட்டோக்கள் இருக்கின்றன. அவர் நடக்கிறது அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது.

"வாங்குங்கள்னு போட்டிருந்தது. வாங்கினேன். அப்புறம் எப்படிம்மா எடுத்துட்டுப் போவீங்க?"

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "ஆமாம்மா, வாங்குங்கள்னுதான் போட்டிருந்தோம்" என்றேன். பேச்செல்லாம் பதிவாகும் இடம் அது. அடுத்த நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கண்டித்தார். கம்பெனி அந்த அம்மாளுக்கு இன்னொரு படம் பார்க்கக் கூப்பன் அனுப்பியது. அவர் அதைத் தொடவில்லை. எங்கேயாவது வந்தால் சொல்லும்மா என்று தன் நம்பரை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது மற்ற கம்பெனிகளின் பட்டியல்களில் தேடுவது பழக்கமாகிவிட்டது. மழைக்காலம் முடிந்து மலை முழுசாகத் தெரிய ஆரம்பித்த சமயத்தில் ஓரிடத்தில் அகப்பட்டது. அடுத்த ஞாயிறு காலையில் அவர் வீட்டுக்குப் போய் டிவியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் வந்தது. புகை, கூட்டம், கதாநாயகன். "இதோ" என்றார் மெதுவாக. உயரமாக ஒருவர், கக்கத்தில் குடை, அவசரமில்லாத நடை. நேரே எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். படத்தைப் புதுசாகக் கழுவித் துடைத்து வெளியிட்டிருந்தார்கள் போலிருக்கிறது. அவர் சட்டையின் நீலம்கூடத் தெரிந்தது. அது சாம்பல் நிறம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாராம் அந்த அம்மாள்.

பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். மறுபடியும். காபி ஆறிப்போயிற்று. இவர்களும் ஒரு நாள் எடுத்துவிடலாம் அம்மா என்று சொல்லி வைப்பது நியாயம் என்று பட்டது, சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. வாடகைக்குத்தானே வந்திருக்கார். இருக்கிறவரைக்கும் காலங்காத்தால ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

இத்தனை வருஷமாகப் படம் விற்கிறோம், இதுவரை ஒரு படத்தைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.