மாமா ஆய்வேடு எழுதிய வருடம்

மாமா ஆய்வேடு எழுதிய வருடம் எங்கள் வீட்டில் யாராலும் எதையும் நிம்மதியாகச் சொல்லிவிட முடியவில்லை. மாத்தளை டவுனில் படிப்பித்துக்கொண்டே மேற்படிப்புப் படித்த அவர், பல்லேபொலப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களின் மிளகுச் செய்கையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயத்தை அவருடைய பேராசிரியரான கெம்பஸ் சேர் சிவப்பு மையால் குளிப்பாட்டித் திருப்பியிருந்தார். "பல்லேபொல மிளகின் காரம் யாவரும் அறிந்ததே" என்ற வரிக்குப் பக்கத்தில், "யார் அறிந்தது?" என்று ஒரு கேள்வி. "நான் பார்த்தேன்" என்று எழுதக்கூடாதாம். "அவதானிக்கப்பட்டது" என்றுதான் எழுத வேண்டுமாம்.

மாமா எதில் இறங்கினாலும் முழுதாக இறங்குகிற மனிதர். சாப்பாட்டு மேசையிலும் ஆய்வேடு எழுதத் தொடங்கினார். குழம்பில் உப்புக் கூடியிருக்கக்கூடும் என்பார். மழை வரப்போகிறது என்று அம்மா சொன்னால், ஆதாரம் என்ன என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள். எட்டு வயதான எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போய், நானும் கண்டவரிடமெல்லாம் ஆதாரம் கேட்டுத் திரிந்தேன். மாமா எழுதியதையெல்லாம் லப்டொப்பில் டைப் அடித்துக் கொடுத்தவள் அவருடைய தங்கை, என் சித்தி.

அந்த நாட்களில்தான் சித்தியைப் பெண் பார்க்க நாவுலயிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே மரக்கறி வியாபாரம். ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்திருந்த சித்தி, தனக்குப் பிடித்திருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. அவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவது?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பலகாரம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் அண்ணனிடம் அவளுடைய குணத்தைப் பற்றிக் கேட்பார். தங்கமான பொண்ணு, கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் போங்கள் என்று அண்ணன்காரன் அள்ளிவிட வேண்டும். அது மிகை என்று கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் அதில் கொஞ்சம் குறைந்தாலும் ஏதோ விஷயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

"தங்கச்சி கொணம் எப்படிங்க தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்ல கொணம்தாங்க. ஆனா நான் வீட்டுல மட்டுந்தானே பார்த்திருக்கேன். வேற எடத்துல எப்படின்னு உறுதியாச் சொல்ல ஏலாதுங்க."

அந்த அம்மா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் சொல்லவேயில்லை. கூடப் பிறந்தவனே மென்று விழுங்கினால் நாங்கள் என்ன நினைப்பது என்று கேட்டார்களாம். தரகர் வந்து சொன்னார். அம்மா மாமாவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "அப்ப பொய் சொல்லச் சொல்றியாக்கா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சித்தி மறுநாளும் உட்கார்ந்து டைப் அடித்தாள்.

கடைசியாக வந்தது நன்றியுரை. சித்தியின் தோளில் தொங்கிக்கொண்டு நானும் வாசித்தேன். பேராசிரியருக்கு நன்றி, விவசாயிகளுக்கு நன்றி. அதற்குக் கீழே, "என் தங்கையைப் போலப் பொறுமையும் அன்பும் உள்ள ஒருத்தியை நான் எங்குமே கண்டதில்லை" என்று மாமா எழுதியிருந்தார். "நான்" இருந்தது. "கூடும்" இல்லை, அடிக்குறிப்பு இல்லை. பிழை பிடித்துவிட்ட குதூகலத்தில் கத்தினேன்.

"மாமா, இதுக்கு ஆதாரம் எங்க?"

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

"இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஆதாரம் வேணாம்டி," என்றாள் சித்தி. பிறகு அந்த வரியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகான வரி போலும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியை நாவுலக்காரர்களிடம் சொல்லியிருந்தால் போதும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. சித்திக்கு விளங்கியிருந்தது. ஓர் எழுத்தும் மாற்றாமல் அதை டைப் அடித்துக் கொடுத்தாள்.