உள்ளே இறங்குகிறவரின் சாவி

சங்கிலியை வால்வுச் சக்கரத்துக்குள் விட்டு இழுத்துப் பூட்டை மாட்டுகிறார் எமில்டா. அப்புறம் மெல்லிய கம்பியைக் கோத்து, அதன் முனையில் ஈய வில்லையைக் குறட்டால் நசுக்கி சீல் வைக்கிறார். அதோடு விட்டுவிடுவாரா? இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். அசையவில்லை. "அப்படியே கெட" என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுத்த வால்வுக்கு நடக்கிறார்.

கப்பலில் வரும் பாமாயிலைத் தேக்கிவைக்கும் யார்டு அது. டேங்கைக் கழுவ ஆள் இறங்கும் முன், எண்ணெய் வரும் வழியையெல்லாம் அடைத்துப் பூட்டுவது அவர் வேலை. சேலைக்கு மேல் போட்டிருக்கும் கம்பெனிச் சட்டை ஆண்களுக்குத் தைத்தது. கையை மடித்துவிடுவதிலேயே பாதி நாள் போகிறது.

"கப்பல் நிக்கி, அக்கா, சீக்கிரம்!" என்று சூப்பர்வைசர் கத்தினால், "நிக்கட்டும்யா. கப்பலுக்குப் பொண்டாட்டி புள்ளையா இருக்கு?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அவர் கணவர் ரெக்சன் இதே யார்டில் டேங்குக்குள் நின்று கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து டேங்கின் வால்வு என்று நினைத்து இந்த டேங்கின் வால்வைத் திறந்துவிட்டார் கூட வேலை பார்த்த சுடலைக்கண்ணு. சூடேற்றிய எண்ணெய் பாய்ந்தது. ரெக்சன் உயிரோடு வெளியே வரவில்லை. அதன்பிறகுதான் பூட்டு வாங்கினார்கள். எமில்டாவுக்கு வேலையும் கொடுத்தார்கள். ஒரு பூட்டு வாங்க ஓர் உயிர் போகவேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சுடலைக்கண்ணு இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ரெக்சனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்; எமில்டாவை அண்ணி முறையில் 'மைனி' என்று கூப்பிட்டவர். "அவன் வேணும்னா செஞ்சான்? தெரியும். ஆனா அவன் மொகத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு" என்றார் எமில்டா என்னிடம். விபத்து நடந்த நாளிலிருந்து அவரோடு ஒரு சொல் பேசியதில்லை.

நான் யார்டைப் பார்க்கப் போயிருந்த அன்று டேங்கில் இறங்கவேண்டியவர் சுடலைக்கண்ணு. விபத்துக்குப் பிறகு அவர் இறங்குவது அதுதான் முதல் தடவை. எமில்டா எல்லா வால்வையும் பூட்டி சீல் வைத்துவிட்டு வந்தார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி; அது உள்ளே இறங்குகிறவரிடம்தான் இருக்கவேண்டும் என்பது யார்டின் விதி. அவர் ஏறி வந்து தாமே திறக்கும்வரை வேறு யாரும் திறக்க முடியாது. எமில்டா சாவியை நீட்டினார். சுடலைக்கண்ணு வாங்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒங்க கையிலயே இருக்கட்டும், மைனி."

எமில்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏலே, ஒன் உசுரு என் கையில எதுக்கு? புடி."

சுடலைக்கண்ணுவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விறைத்து நின்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.