பருப்புத் தண்ணீர்

சோதனைக் குழாய்களைக் கழுவி முடித்ததும் ராசாங்கம் வலக்கை விரல்களை முகர்ந்து பார்ப்பார். முட்டை வாடையோடு சோற்றில் கை வைக்க அவருக்குப் பிடிக்காது. அரியலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான்.

வருடந்தோறும் மணிவண்ணன் சார் கார்பன் பாடம் தொடங்கும்போது, சர்க்கரை, அரிசி, கோழி இறகு என்று ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுவதும் ராசாங்கம்தான். எல்லாமே கடைசியில் கரியாகும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். முழங்கால் வலியோடு நிற்கும் அவருக்கு எப்போது மணியடிக்கும் என்றிருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கான கரைசல்களும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். மாவுச்சத்துக்கு வடிகஞ்சி, புரதத்துக்கு, தண்ணீரில் கலக்கிய முட்டை வெள்ளைக்கரு. தன் குழாயில் இருப்பது இரண்டில் எது என்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டும்.

2002 மாசியில் தேர்வும் ஊர்த் திருவிழாவும் சேர்ந்து வந்தன. தீமிதிக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார் ராசாங்கம். காப்பு அவிழ்க்கும்வரை முட்டையைத் தொட முடியாது. வேறு யாரையாவது உடைத்துத் தரச் சொல்லியிருக்கலாம். அலுப்பில் அது தோன்றவில்லை. பருப்பில் புரதம் உண்டென்று சார் சொல்லக் கேட்டிருந்தார். வெந்த துவரம்பருப்பின் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொண்டுபோனார். பருப்பில் மாவுச்சத்தும் உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை.

அந்தக் குழாய் மலர்கொடிக்குப் போனது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றும் முத்துவேலின் மகள்; டாக்டர் படிப்பை நினைத்து ஒவ்வொரு மார்க்கையும் பிடித்துக்கொண்டிருந்தவள். புரதச் சோதனையில் ஊதா வந்தது. அயோடின் விட்டாள், மாவுச்சத்துக்கான நீலமும் வந்தது. இரண்டும் இருப்பதாக எழுதினாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தாளைத் தட்டினார். "ஒண்ணுதாம்மா இருக்கும். நிறம் தெரியலையா உனக்கு?"

மணிவண்ணன் சார் திரும்பினார். "ராசாங்கம், முட்டைதானே வச்சீங்க?"

உண்மையைச் சொன்னால் சாருக்கும் தனக்கும் மெமோ வரும்.

"ஆமாங்க சார்."

தாளில் சிவப்புக் கோடு விழுந்தது.

டாக்டர் சீட் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோட்டினால்தானா என்று யார் சொல்ல முடியும்? அப்படிக் கேட்டுக்கொண்டு அவர் கொஞ்ச நாள் தூங்கப் பார்த்தார்.

மறு வருடம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தார். பி.காம். சேர்ந்திருந்தாள்.

"சயின்ஸை ஏம்மா வுட்டுட்ட?"

"எனக்கு நிறம் பாக்கவே வரலண்ணே. அன்னைக்கு இல்லாத நீலத்தப் பாத்துட்டேன்ல," என்று சிரித்தாள்.

அவர் வாயெடுப்பதற்குள் அவளுடைய பஸ் வந்தது. "பாத்துப் போம்மா" என்பதுதான் வாயில் வந்தது.

இப்போது அவள் ஆலத்தியூர் பக்கம் ஓர் ஆபீசில் கணக்கெழுதுகிறாள். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்பாள். இருக்கேம்மா என்பார். அவள் கண் சரியாகத்தான் பார்த்தது என்பதை இன்னும் அவர் சொல்லவில்லை.