புழுதி போன பக்கம்

என் கணவருக்குச் செருப்பு முதல் பல் வரை எல்லாவற்றுக்கும் காப்புறுதி வேண்டும். அப்படிப்பட்ட மனுசன், வாசல் தாண்டும்போது யாராவது "எங்க போறியள்?" என்று கேட்டால் முகம் கறுத்து, திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் இத்தனை வருடம் இருந்தும் இவரின் இந்தச் சகுன நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

மொரோக்கோவின் பாலைவன மலைகளைப் பார்க்கப் போயிருந்தோம். வாடகை ஜீப்பின் உதிரிச் சக்கரம், காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். புறப்படும் நேரம் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரர் வெளியே வந்தார். முன்பு பிராங்பேர்ட்டில் வேலை செய்தவர், ஜெர்மன் பேசுவார். "எந்தக் கணவாய்ப் பக்கம் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன் இவர் என் கையை அழுத்தினார். பக்கத்தில் ஒரு சுற்று என்று சமாளித்துவிட்டு வண்டியில் ஏறினார். "போற நேரத்தில கேக்கிற கேள்வியே இது?" என்று வழியெல்லாம் புறுபுறுத்தார்.

கணவாயின் உச்சிக்குக் கிட்ட, ஒரு வளைவில், பாதையின் விளிம்பு அப்படியே சரிந்தது. என் பக்கத்து முன்சக்கரம் வெறும் காற்றில் சுற்றியது. கீழே பார்த்தேன், அடி தெரியவில்லை. அவர் பக்கத்துக் கதவால் இருவரும் தவழ்ந்து இறங்கினோம். கைபேசியில் சிக்னல் இல்லை. கயிறு இருந்தது, இழுக்க இன்னொரு வண்டி இல்லை.

"நாங்கள் இஞ்ச நிக்கிறமெண்டு ஆருக்கப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

இவர் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உண்மையில் உயிர் போனது.

வெயில் சாயும் நேரம் ஒரு பழைய ஜீப் முனகிக்கொண்டு மேலே ஏறி வந்தது. விடுதிக்காரர்!

"நீங்கள் சொல்லவில்லை. அதனால் கூரையில் ஏறி, உங்கள் வண்டிப் புழுதி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வைத்தேன். நேரமாகியும் காணவில்லை, தேடி வந்தேன்," என்றார்.

இவர் அந்த மனிதரின் கையைப் பிடித்தவர், நெடுநேரம் விடவேயில்லை.

வீடு திரும்பிய பிறகும் கண்ணை மூடினால் அந்தச் சக்கரம் சுற்றுகிறது. நேற்றுக் காலை இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன், எங்கே என்று கேட்கவில்லை.

"மூலைக் கடைக்குப் பாண் வாங்கப் போறன். பள்ளிக்கூடப் பக்கத்தால போய், அதாலதான் வருவன்," என்றார்.

தண்ணீர் குடிக்காமலே போனார்.