யாருடையதோ ஒரு தூக்கு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருப்பதாக நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். வந்து பார்ப்பவர்கள் செப்டிக் டேங்க் மூடியையும் அதைச் சுற்றி நிற்கும் ஏழெட்டுச் செடிகளையும் பார்த்துவிட்டு, தோட்டம் எங்கே என்று கேட்கிறார்கள். மாங்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், நாலடி அகல மண்ணில், போர் தண்ணீரின் உப்பைக் குடித்து, மெட்ரோ வேலையின் புழுதியைப் பூசிக்கொண்டு ஒரு கறிவேப்பிலையும் ஒரு முருங்கையும் நாலு கத்தரியும் உயிரோடு இருக்கின்றன. உடைந்த பக்கெட்டில் புதினாவும் உண்டு. இதற்கு மேல் என்ன தோட்டம் வேண்டும்? காலையில் வீட்டில் யாரும் எழுந்திருப்பதற்குள் டபராவில் காபியை ஆற்றியபடி அங்கே போய் நிற்பேன். கத்தரி பூத்திருந்தால் அன்று எனக்கு நல்ல நாள். இலையில் பூச்சி இருந்தால் வீட்டில் மற்றவர்களுக்கு நாள் சரியில்லை.

நான் நன்றாகச் சமைப்பேன். இதை அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் நேராகவே சொல்லிவிடுகிறேன். செடியிலிருந்து பறித்த பிஞ்சுக் கத்தரிக்காயை நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, வறுத்து அரைத்ததைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தால், எண்ணெய் மேலே மிதந்து வரும் நேரத்தில் அடுப்படியை விட்டு நகர எனக்கே மனம் வராது. அதைத் தட்டில் போட்டுக் கொண்டுபோனால் என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே பிசைவார். குழம்பா ரசமா என்று நிறுத்திக் கேட்டால் தட்டைக் குனிந்து பார்த்துத்தான் பதில் சொல்வார். மகளுக்கு மதியச் சாப்பாட்டை அலுவலகமே போட்டுவிடுகிறது. ராத்திரிக்கு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று கதவைத் தட்டுகிற யாரோ ஒருவர் கொண்டுவருகிறார்.

அந்தத் தூக்கு இப்படிப்பட்ட வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் கணவரின் புண்ணியம்தான். ஆறு வருடம் முன்பு ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, ஃப்ரிட்ஜுக்குள் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. உள்ளே இட்லி மாவு. யார் கொடுத்தது என்று கேட்டேன். பக்கத்திலிருந்து கொடுத்தார்கள் என்றார், தலையை நிமிர்த்தாமல். பக்கத்தில் என்றால் பக்கத்து வீட்டு அக்காதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு அங்கே லாரி சீட்டுக்கு உறை தைக்கிற கடை. அதுவரை எங்களுக்குள் சிரிப்போடு சரி.

பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். மறுநாள் தூக்கைக் கழுவி, புளிக்குழம்பை ஊற்றி, மதில்மேல் நீட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் அதே தூக்கு சேமியா பாயசத்தோடு மதிலேறி வந்தது. நான் மோர்க்குழம்பு அனுப்பினேன். நோன்புக் கஞ்சி வந்தது. முருங்கைக்காய்க் கூட்டு போனது. பிரியாணி வந்த அன்று என் கணவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். ஏலக்காய் ஒன்று கூடிப்போயிற்று, கறி பதம் என்று ஒரு விமர்சனமும் சொன்னார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என் சாப்பாட்டைப் பற்றி அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

ஆனால் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வெறும் தூக்கு திரும்பி வரவில்லை, கூடவே ஒரு சொல்லும் வந்தது. "இன்னிக்கு வெந்தயம் தூக்கலா கீதும்மா" என்பார் அக்கா. உண்மைதான், போன் மணி அடித்த நேரத்தில் கை தவறியிருந்தது. "மல்லிய இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்" என்பார். அதுவும் உண்மை. புது எண்ணெய் மாற்றினால் கண்டுபிடிப்பார். பாராட்டு அபூர்வம். வந்தால், "ம், இது சாப்பாடு" என்று இரண்டே வார்த்தை. அதற்காக நான் என்னென்ன பாடுபட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை: நான் சமைத்ததெல்லாம் அந்தத் தூக்குக்குத்தான். மிச்சத்தைத்தான் என் வீட்டில் சாப்பிட்டார்கள். என் சமையலைத் தெரிந்து சாப்பிடுகிற ஓர் ஆள் உலகத்தில் இருக்கிறார், அதுவும் மதிலுக்கு அந்தப் பக்கமே இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

போன மாதம் ஒரு பெண் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வந்தாள். ஒரு காலத்தில் அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவள். வானகரத்தில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறாளாம். காபி போட உள்ளே போனேன், அவளும் பேசிக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள். மேடையில் கவிழ்த்திருந்த தூக்கைக் கையில் எடுத்துத் திருப்பி, அடியில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது எங்க தூக்கு. காலி பண்ணிட்டுப் போற அன்னிக்கு மாவு மிஞ்சுதுன்னு அங்கிள்கிட்ட குடுத்தேனே."

அந்த எழுத்தை ஆறு வருடமாக நான்தான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். அக்காவின் சொந்தக்காரர் யாரோ சீர் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். நான் வைத்துக்கொண்டால் அடுத்தவர் பொருள், காலியாகக் கொடுத்தால் மரியாதை இல்லை என்று நான் தவித்த பாத்திரம் மதிலுக்கு இந்தப் பக்கத்துச் சொத்தும் இல்லை, அந்தப் பக்கத்துச் சொத்தும் இல்லை. அக்காவும் அதை என் தூக்கு என்று நினைத்துத்தான் நிரப்பி அனுப்பியிருக்கிறார். மாமியார் கொடுத்த தூக்கு, தொலைத்துவிட்டோம் என்று வருத்தப்பட்டதாக அந்தப் பெண் சொன்னாள். அதன் பிறகு என்ன பேசுவது? கொல்லையில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை உருவி, உள்ளே போட்டு, மூடிக் கொடுத்தேன்.

அடுத்து அவள் அக்கா வீட்டுக்குத்தான் பத்திரிகை வைக்கப் போனாள். கையில் தூக்கோடு போனாள். அதனால் நான் போய்ச் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

இனி யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எத்தனையோ நாள் முதுகுவலியோடு நின்றுகொண்டு, இந்தத் தூக்கு ஒரு தொல்லை என்று நானே முனகியிருக்கிறேன். மறுநாள் வத்தக்குழம்பு வைத்தேன். மணத்தக்காளி வற்றல் எண்ணெயில் பொரிந்த வாசனை மதில் தாண்டிப் போயிருக்கும். அதை எந்தச் சாக்கில் அனுப்புவது? நானாக என் பாத்திரத்தில் அனுப்பினால், காலியாகத் திருப்பக் கூடாதே என்கிற பாரத்தை அக்கா தலையில் ஏற்றின மாதிரி ஆகாதா? இத்தனை நாள் அவர் அனுப்பியதும் வழக்கத்துக்காகத்தானோ? இப்படி யோசித்து யோசித்து மூன்று நாள் போயிற்று. மதிலருகே போவதையே விட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட மத்தியான வெயிலுக்கு மாற்றிக்கொண்டேன். கத்தரி வாடியது. எனக்குத் துக்கமாக இருந்தது. ஒரு தூக்குக்காக இவ்வளவா என்று கோபமாகவும் இருந்தது.

நாலாம் நாள் பதினொரு மணிக்கு அக்கா வாசல் வழியாக வந்தார். கையில் ஒன்றும் இல்லை. அன்று நான் வைத்திருந்தது கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பேச்சுக்கு இடம் கொடுக்காமல் தட்டைப் போட்டுச் சோறு வைத்தேன். ஆறு வருடத்தில் அவர் என் சாப்பாட்டைச் சாப்பிட்டு நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரண்டியில் குழம்பை எடுத்ததும் அவர் தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம்மா. வயித்துல புண்ணு. புளி, காரம் ரெண்டும் தொடக் கூடாதுன்ட்டாரு டாக்டரு. ரெண்டு வருசம் ஆச்சி."

போன வாரம்தானே உப்பு ஒரு கல் குறைவு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவுரு சொல்வாரு. மொதல்லருந்தே அவுருதான். துன்னுட்டு சொல்வாரு, நான் வந்து உன்னாண்ட சொல்வேன்."

அவர் என்றால் சீட்டு உறை தைக்கிறவர். எங்கள் சந்தில் என்னைப் பார்த்தால் பைக்கை ஓரம் கட்டி, தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர். என் கைத் தவறு ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். எனக்கோ அவர் குரல் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று அக்காவிடம் கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டுவிட்டேன்.

"சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பயம்தான். மூணு நாளா அவுரு சரியா துன்னல. கேட்டா பசி இல்லன்றாரு. அதான் வெக்கத்த உட்டுட்டு வந்துட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட வழியில்லை, அன்று வெங்காயம் எல்லாம் எப்போதோ குழம்புக்குள் போயிருந்தது. பாத்திரம் தேடக் கை ஓடவில்லை. குழம்பை அப்படியே சட்டியோடு துணியில் பிடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வெறும் சோறு மட்டும் போதும் என்று, அதில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு அக்கா போனார்.

அன்று சனிக்கிழமை, என் கணவருக்கு விடுமுறை. அவருக்கும் மோர்சாதமும் ஊறுகாயும்தான் வைத்தேன். போனைப் பார்த்தபடி பிசைந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். குழம்பு எங்கே என்று கேட்பாரோ என்று தட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.