மழை வந்தால் மணலுக்கு

மழை தூற ஆரம்பித்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். சின்னசாமி வீட்டை விட்டு வெளியே ஓடுவார். அண்ணனூரில் அவர் குடியிருந்த தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மகள் கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அந்தமானுக்கு அப்பால் ஒரு எரிமலைத் தீவில் கொப்பரை வெட்டும் கூலியாக இருந்தவர் அவர். செங்குத்தான கரும்பாறைக்குக் கீழே பத்துக் குடிசை, எதிரே கடல். எப்போதாவது ஒரு படகு வரும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. மழையில் பாறை ஊறிக் கல் உருளும். அதனால் முதல் தூறலிலேயே, கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு, எல்லோரும் மணலுக்கு ஓடி நனைந்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம். காய்ச்சலில் கிடந்த மனைவி நனையக் கூடாதென்று ஒருமுறை அவளைக் குடிசைக்குள்ளேயே விட்டார். கல்லைப் புரட்டித்தான் அவளை எடுத்தார்கள். கைக்குழந்தை கஸ்தூரியோடு கப்பலேறி வந்து, ரயில் ஷெட்டில் பெட்டி கழுவும் வேலையில் சேர்ந்தார்.

ஓய்வு பெற்றபின் பக்கவாதம் வந்தது. கால் இழுத்தது, ஞாபகம் கலைந்தது. தொண்ணூற்றாறாம் வருஷ ஐப்பசியில் அவரை மறுபடி மறுபடி ஏரிக்கரையிலிருந்து தூக்கி வந்தார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இன்னொரு தடவை நனைந்தால் தாங்க மாட்டார் என்றார் டாக்டர். கஸ்தூரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. லீவு போட்டால் வேலை போய்விடும். பக்கத்து வீட்டு ஜமீலாதான் வழி சொன்னாள்.

"பூட்டிக்கினு போடி. ஊட்டுக்குள்ள கீற மனுசனுக்கு இன்னா ஆயிடும்?"

கஸ்தூரி கதவைப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. மாலையில் திரும்பியபோது ஜமீலா வாசலில் முகம் வெளுத்து நின்றாள். கத்தி ஓய்ந்துவிடுவார் என்று நினைத்துத் திறக்காமல் இருந்தாளாம்.

சின்னசாமி கதவடியில் கிடந்தார். பிறாண்டிப் பிறாண்டி நகங்கள் பெயர்ந்திருந்தன. வேட்டியெல்லாம் மூத்திரம். மகளைத் தீவில் யாரோ என்று நினைத்துச் சொன்னார்:

"கொயந்தைய தூக்கினு நீ ஓடு. நான் அவள இட்டாறேன்."

கஸ்தூரி விரல்களைக் கழுவித் துணி சுற்றினாள். வேட்டி மாற்றினாள். கஞ்சி கொடுத்தாள், வாயில் நிற்கவில்லை. மழையும் விடவில்லை. அவர் மறுபடி கதவை நோக்கி ஊர்ந்தார். கஸ்தூரி பிளாஸ்டிக் தாளை அவருக்குச் சுற்றி, ஜமீலாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தெருக்கோடி மைதானத்துக்கு நடத்திப் போனாள். அப்பனைக் கொல்லப் பார்க்கிறாயே என்று வழியெல்லாம் ஜமீலா திட்டினாள். தோளை விட்டுவிடாதே என்று மட்டும் கஸ்தூரி சொன்னாள்.

வெட்டவெளியில் உட்கார வைத்ததும் அவர் அடங்கினார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு நைனா. அம்மாவும் வந்துடுச்சி."

தலையாட்டினார். மழை விடும்வரை கஸ்தூரி அவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார். பெற்ற மகளே மழையில் வைத்துக் கொன்றுவிட்டாள் என்று எழவு வீட்டிலேயே பேசினார்கள். பால் ஊற்றி முடித்த மறுநாள் கஸ்தூரி ஷிப்டுக்குப் போனாள்.