தண்ணீர் குடித்த மாவீரர்

திண்டிவனத்தில் நடந்த ஒரு சுதந்திர தின விழாவில்தான் போருக்குப் போனவர்களின் பேச்சைப் பதிவுசெய்யும் எண்ணம் எனக்கு வந்தது. வங்கதேசப் போரில் கப்பலிலிருந்து கடற்கரையில் இறங்கிய முன்னாள் ராணுவ வீரரான ஓமந்தூர்க்காரரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"எத்தினி பேர சுட்டீங்க தாத்தா? ஜல்தியா சொல்லுங்க, தலைவரு கெளம்பிக்கினு இருக்காரு" என்றார் விழாச் செயலாளர்.

"எங்கய்யா சுட்டேன்? தண்ணிதான் குடிச்சேன். கரைக்கு முன்னாடியே ஆழத்துல எறக்கி வுட்டுட்டானுங்க கப்பக்காரனுங்க. கரையில எதிரியே இல்ல. பக்கத்துல வந்தவன் மூட்டையோட முழுவிப் பூட்டான். இன்னமும் நான் கடல் பக்கம் போறதில்ல."

செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய மாவீரர்!" என்று முழங்கினார். வெட்கமே இல்லாமல் கூட்டமும் கைதட்டியது. செத்தவன் பெயரைக்கூடக் கேட்காத இந்தக் கும்பலுக்குத் தேசபக்தி ஒரு கேடு!

ஞாயிற்றுக்கிழமை ஓமந்தூர் போகிறேன். அவர் பேச்சைச் செல்போனில் பதிவுசெய்யப் போகிறேன். முதலில் அந்தப் பெயரைக் கேட்பேன்.